ஆக்சிஜன் சென்சர் மாற்றியும் செக் இன்ஜின் லைட் திரும்ப எரிகிறது, அடுத்து என்ன செய்வது?

மலைக்கோட்டை (திருச்சி)

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 2014 மாடல் பெட்ரோல் ஹாட்ச்பேக், பிஎஸ் 4, 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, முதல் ஓனர் நான்தான். ஹைவேயில் லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி இரண்டு மாதமாக 13-ஐத் தாண்டவில்லை. சிக்னலில் நிற்கும்போது லேசாக உதறும், காலையில் முதல் ஸ்டார்ட்டில் பெட்ரோல் வாடை அடிக்கும், அப்புறம் ஒரு நாள் செக் இன்ஜின் லைட்டும் எரிந்தது.

பக்கத்தில் இருக்கும் ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள், பி0171 என்ற பழுதுக் கோட் வந்தது, "கலவை லீன்னு, அதாவது பெட்ரோல் கம்மின்னு சொல்லுது, அப்படின்னா ஆக்சிஜன் சென்சர் போச்சு" என்று சொல்லி முன்பக்கச் சென்சரை மாற்றினார்கள். 4,800 ரூபாய். ஐந்து நாள் லைட் எரியவில்லை. ஆறாவது நாள் மழையில் ஸ்ரீரங்கம் போய் வந்தேன், மறுநாள் காலையில் மறுபடி எரிந்தது. திரும்பக் கொண்டுபோனால், பின்பக்கச் சென்சரும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் (புகையைச் சுத்தம் செய்கிற பாகம்) மாற்ற வேண்டும், மொத்தம் 30,000 கிட்ட ஆகும் என்கிறார்கள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. கோட் படிக்கிற ஒரு சின்ன ப்ளூடூத் ஓபிடி கருவி வாங்கி போனில் பார்த்தேன். இப்போது வரும் கோட் பி0135. பழைய பி0171 இல்லை. உண்மையிலேயே சென்சர்தான் பழுதா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? மல்டிமீட்டர் இருக்கிறது, ஓரளவு பிடிக்கத் தெரியும். கழற்றிய பழைய சென்சரைக் கேட்டு வாங்கி டிக்கியில் வைத்திருக்கிறேன்.

நெல்லை டாக்ஸி

பின்பக்கச் சென்சருக்கும் கன்வெர்ட்டருக்கும் இப்போது ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பி0135 என்பது முன்பக்கச் சென்சரின் ஹீட்டர் சர்க்யூட், பின்பக்கத்துக்கு அதில் சம்பந்தமே இல்லை. பின்பக்கச் சென்சரின் ஹீட்டர் என்றால் பி0141 வந்திருக்கும்.

எனக்கு இதே பி0135 போன வருஷம் வந்தது. இரண்டு நாள் ஓட்டம் போனதுதான் மிச்சம், கடைசியில் பார்த்தால் எலி. பானட்டுக்குள் புகுந்து சென்சருக்குப் போகிற ஒயரைக் கடித்து வைத்திருந்தது, அது பாடியில் பட்டு ஃப்யூஸும் போயிருந்தது. அதனால் முதலில் ஃப்யூஸ் பாருங்கள், அப்புறம் ஒயரைக் கையால் தடவிக்கொண்டே சென்சர் வரை போங்கள். இன்ஜின் ஆறின பிறகு.

கோவை ஒர்க்‌ஷாப்

தம்பி, 26 வருஷமாகப் பெட்ரோல் வண்டி வேலைதான் பார்க்கிறேன். என்னிடம் "சென்சர் போச்சு" என்று வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் சென்சர் நன்றாகத்தான் இருக்கிறது. அது பார்த்ததைச் சொல்கிறது, நாம் அதையே கழற்றி எறிகிறோம். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முன்பக்கச் சென்சர் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருந்துகொண்டு, புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது என்று பார்த்து ஈசியூவுக்கு, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். உங்கள் வண்டி வயசுக்கு அது நாலு ஒயர் ஜிர்கோனியா சென்சராக இருக்கும். பெட்ரோல் அதிகமானால், அதாவது ரிச்சாக இருந்தால் 0.8, 0.9 வோல்ட் காட்டும், குறைந்தால் 0.1 பக்கம் இறங்கும், நடுக்கோடு 0.45. ஈசியூ அதைப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருப்பதால் நல்ல சென்சரின் வோல்டேஜ் ஓர் இடத்தில் நிற்காது, மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கும். ஆனால் சென்சர் சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் வேலை செய்யும். சீக்கிரம் சூடாவதற்குத்தான் உள்ளே ஹீட்டர். ஹீட்டர் வேலை செய்யாவிட்டால், சென்சர் புகைச் சூட்டிலேயே சூடாகிற வரைக்கும் ஈசியூ கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் போட்டுத்தான் பெட்ரோல் கொடுக்கும். நீங்கள் டவுனுக்குள் சின்னச் சின்ன தூரம் ஓட்டினால் மைலேஜ் அடிவாங்கும்.

இப்போது உங்கள் பி0135. புதுச் சென்சரின் சாக்கெட் கம்பெனியில் வந்ததா, இல்லை பழைய சாக்கெட்டை வெட்டி ஒயர் முறுக்கி டேப் ஒட்டியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். மழைக்குப் பிறகு லைட் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் எனக்கு அந்த இடத்தின் மேல்தான் சந்தேகம். டேப் சூட்டில் உருகும், தண்ணீர் இறங்கும், செம்பு பச்சை பிடிக்கும். ஒயர் நிறத்தையும் பாருங்கள். பாஷ் சென்சரில் இரண்டு வெள்ளை ஹீட்டர், கறுப்பு சிக்னல், சாம்பல் கிரவுண்ட். வேறு கம்பெனியில் இரண்டு கறுப்புதான் ஹீட்டராக இருக்கும். வெள்ளைக்கு வெள்ளை, கறுப்புக்குக் கறுப்பு என்று நிறம் பார்த்து இணைத்து வைத்த வண்டிகளை நானே பிரித்திருக்கிறேன்.

சாக்கெட்டைக் கழற்றி, சென்சர் பக்கம் ஹீட்டரின் இரண்டு ஒயருக்கும் நடுவில் ஓம் பாருங்கள், இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். மாடலுக்கு மாடல் மாறும், ஆனால் பெரும்பாலும் 2-லிருந்து 15 ஓமுக்குள் இருக்கும். மீட்டர் ஒன்றுமே காட்டாவிட்டால் ஹீட்டர் அறுந்துவிட்டது. சரியாகக் காட்டினால் இன்ஜினை ஸ்டார்ட் செய்து வண்டிப் பக்கச் சாக்கெட்டில் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். ஓம் பார்ப்பது ஹீட்டர் ஒயரில் மட்டும், சிக்னல் ஒயரில் ஓம் வைக்கவே கூடாது, சென்சர் கெட்டுப்போகும்.

இன்னொன்று, அதுதான் முக்கியம். இந்த ஹீட்டர் கோட் சென்சர் மாற்றிய பிறகு வந்த புது வியாதி. முதலில் வந்த பி0171 எதனால் என்று யாருமே தேடவில்லை. பிளக் நாலையும் கழற்றி நிறம் பார்த்துச் சொல்லுங்கள். ஹீட்டரைச் சரிசெய்த பிறகு வண்டியைச் சூடாக்கி, போனில் ஷார்ட் டேர்ம், லாங் டேர்ம் ஃப்யூயல் ட்ரிம் (ஈசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு) இரண்டையும் ஐடிலில் ஒரு தடவை, 2500 ஆர்பிஎம்மில் ஒரு தடவை குறித்துப் போடுங்கள்.

பயணி 75

சென்சரைக் கழற்றிப் பெட்ரோலில் ஊறப் போட்டால், இல்லை கார்புரேட்டர் கிளீனர் அடித்தால் சரியாகிவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். மாற்றுவதற்கு முன் அதை முயற்சி செய்யலாமே?

தாம்பரம் ராஜி

கிளீனர் வேலையை நான் செய்து பார்த்தேன், நேரம்தான் போனது. நுனியில் கறுப்பாகக் கரி மட்டும் இருந்தால், கலவை சரியான பிறகு சூட்டில் அதுவே எரிந்து போய்விடும். சிலிக்கான் கேஸ்கட் பேஸ்ட் புகை பட்டு வெள்ளையாகப் படிந்திருந்தாலோ, இன்ஜின் ஆயில் எரிந்து படிந்திருந்தாலோ, கூலன்ட் உள்ளே கசிந்து படிந்திருந்தாலோ எதை ஊற்றிக் கழுவினாலும் போகாது. அந்த மாதிரி நேரத்தில் புதுச் சென்சர் போட்டாலும், ஆயில் எரிவதையோ கூலன்ட் கசிவையோ நிறுத்தாவிட்டால் புதுசும் சில மாதத்தில் போய்விடும்.

சென்சர் நிஜமாகவே போனால் எப்படி இருக்கும் என்பதற்கு என் வண்டி. வேளச்சேரியில் முட்டளவுத் தண்ணீரில் மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தேன், வேறு வழி இல்லை, பின்னால் குழந்தைகள் இருந்தார்கள். இரண்டு நாள் கழித்து லைட் எரிந்தது. கொதிக்கிற சென்சரில் குளிர்ந்த தண்ணீர் பட்டு உள்ளே இருக்கிற பீங்கான் விரிசல் விட்டுவிட்டது என்று மெக்கானிக் சொன்னார். போனில் பார்த்தால் வோல்டேஜ் 0.1-லேயே நிற்கும். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் நல்ல சென்சர் 0.8-க்கு மேல் ஏற வேண்டும், காலை எடுத்தால் கீழே விழ வேண்டும். என்னுடையது அசையவே இல்லை. ஒயரும் ஃப்யூஸும் நன்றாக இருந்தன, வேறு ஓட்டை எதுவும் இல்லை, அதற்குப் பிறகுதான் மாற்றினோம். மாற்றிய நாளிலிருந்து பிரச்சினை இல்லை. அதனால் மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை, இந்த மிதித்துப் பார்க்கிற சோதனைக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது, அதைச் செய்துவிட்டு மாற்றுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

கோவை ஒர்க்‌ஷாப்

ராஜி அம்மா சொன்னது அத்தனையும் சரி. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். இப்போது வருகிற நிறைய வண்டிகளில் முன்பக்கம் இருப்பது வைட்பேண்ட் சென்சர், ஐந்து ஆறு ஒயர் இருக்கும். அதற்கு இந்த 0.1, 0.9 கணக்கு செல்லாது, மேலும் கீழும் ஆடவும் ஆடாது. அதைப் பார்த்துவிட்டுச் சென்சர் செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பின்பக்கச் சென்சரும் அப்படித்தான், கன்வெர்ட்டர் நன்றாக இருந்தால் அது 0.6, 0.7 பக்கம் பெரிதாக ஆடாமல் நிற்கும். ஆடாமல் நிற்பதுதான் அதற்கு ஆரோக்கியம். முன்பக்கச் சென்சர் மாதிரியே அதுவும் வேகமாக ஆட ஆரம்பித்தால்தான் கன்வெர்ட்டரைச் சந்தேகப்பட வேண்டும், அப்போது பி0420 வரும்.

மலைக்கோட்டை (திருச்சி)

அண்ணா, ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதிலேயே உட்கார்ந்தேன். நீங்கள் சொன்ன இடம்தான். புதுச் சென்சர் சாக்கெட் இல்லாமல் வருகிற பொது மாடல், பழைய சாக்கெட்டை வெட்டி நாலு ஒயரையும் முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருக்கிறார்கள். நிறம் சரியாகத்தான் இணைத்திருக்கிறார்கள். ஆனால் சாக்கெட் பக்கத்திலிருந்து ஹீட்டருக்கு ஓம் வைத்தால் மீட்டர் ஒன்றும் காட்டவில்லை, டேப்பைப் பிரித்து முறுக்குக்கு அந்தப் பக்கம் சென்சரில் நேராக வைத்தால் 6 ஓம் காட்டுகிறது. ஓர் ஒயரில் முறுக்கு கையோடு கழன்று வந்தது, உள்ளே பச்சையாக இருந்தது.

கையோடு பழைய சென்சரையும் பார்த்தேன். அதன் ஹீட்டர் 7 ஓம். ஒயர் துண்டாக இருக்கிறதே தவிர, நுனியில் வெள்ளைப் படிவு எதுவும் இல்லை, கரிதான்.

பிளக் நாலில் மூன்று நல்ல கறுப்பு, கை வைத்தால் கரி ஒட்டுகிறது. இங்கேதான் எனக்குக் குழப்பம். கோட் லீன் என்றது, பிளக் ரிச் என்கிறது. எதை நம்புவது?

ஒயரைத் தற்காலிகமாகச் சேர்த்துவிட்டு ட்ரிம் எடுத்தேன். ஐடிலில் லாங் டேர்ம் பிளஸ் 21, 2500-இல் பிளஸ் 6. முன்பக்கச் சென்சர் ஆடுகிறது, மிதித்தால் 0.85 வரை போகிறது.

திண்டுக்கல் வாசகன்

இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலாக இருக்கலாமே? எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருக்கிறது, அதனால் சென்சருக்கு லீன் மாதிரித்தான் தெரியும். என் 2016 வண்டியிலும் இ20 வந்த பிறகு ட்ரிம் பிளஸ் பக்கம் ஏறியிருக்கிறது.

கோவை ஒர்க்‌ஷாப்

வாசகன் சார் சொல்வது உண்மைதான், பழைய வண்டிகளில் நானும் பார்க்கிறேன். எத்தனால் கலக்காத பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், இ20-க்கு 13.5 பக்கம் போதும். ஆக அதே காற்றுக்குப் பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகப் போக வேண்டும், இ10-இலிருந்து இ20 வந்தால் ட்ரிம் 4, 5 ஏறும். ஆனால் எரிபொருளால் வருகிற ஏற்றம் ஐடிலிலும் 2500-இலும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். இங்கே ஐடிலில் 21, மேலே 6. மைலேஜும் 17-இலிருந்து 13, அதாவது கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு போய்விட்டது. இ20 அவ்வளவு எடுக்காது. அந்த மேலே இருக்கிற 6-இல் வேண்டுமானால் அதற்குப் பங்கு இருக்கும்.

தம்பி, உங்கள் குழப்பத்திலேயே விடை இருக்கிறது. ஐடிலில் மட்டும் ட்ரிம் ஏறினால் எங்கேயோ கணக்கில் இல்லாத காற்று நுழைகிறது என்று அர்த்தம். இன்ஜினுக்குள் காற்று போகிற இன்டேக் பக்கம் ஹோஸ் வெடித்து நுழைந்தால் இன்ஜின் நிஜமாகவே லீன், ஈசியூ கூடுதல் பெட்ரோல் கொடுத்து ஈடுகட்டிவிடும், பிளக் கறுக்காது. ஆனால் புகை போகிற பக்கம், சென்சருக்கு முன்னால் ஓட்டை இருந்தால் கதை வேறு. புகை துடித்துத் துடித்துத்தான் வெளியே போகும், ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவில் அந்த ஓட்டை வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். இன்ஜினுக்குள் கலவை சரியாக இருந்தாலும் சென்சர் வெளிக்காற்றின் ஆக்சிஜனைப் பார்த்து லீன் என்று சொல்லும், ஈசியூ அதை நம்பிப் பெட்ரோலைக் கொட்டும், பிளக் கறுக்கும், மைலேஜ் போகும், ஐடில் உதறும். வேகம் கூடினால் உள்ளே அழுத்தம் கூடுவதால் காற்று உள்ளே நுழைவது குறையும், அதனால்தான் 2500-இல் ட்ரிம் இறங்குகிறது. புதுச் சென்சர் போட்டாலும் அதுவும் இதையேதான் சொல்லும், அது பார்ப்பது அதைத்தானே.

காலையில் ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்த உடனே பானட்டைத் திறந்து டிக் டிக் டிக் என்று சத்தம் வருகிறதா கேளுங்கள். இரும்பு சூடாகி விரிந்ததும் ஓட்டை அடைபட்டுச் சத்தம் நின்றுவிடும், அதனால் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போகும்போது யாருக்கும் கேட்காது. இன்ஜினிலிருந்து புகை வெளியே வரும் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஹெட்டோடு சேரும் இடத்தில் கரிக்கோடு இருக்கிறதா பாருங்கள். இன்னும் சந்தேகம் இருந்தால், இன்ஜின் ஆறியிருக்கும்போதே ஆறின மேனிஃபோல்டு ஜாயின்ட்டில் சோப்புத் தண்ணீர் தெளித்து ஸ்டார்ட் செய்யுங்கள், ஒரு ஆள் தடித்த ஈரத்துணியால் சைலன்சர் வாயைச் சில வினாடி பாதி மூடிப் பிடிக்கட்டும், ஓட்டை இருந்தால் குமிழி கிளம்பும். வெட்டவெளியில் செய்யுங்கள், மூடிய ஷெட்டில் வேண்டாம், புகை ஆளைக் கொன்றுவிடும்.

மலைக்கோட்டை (திருச்சி)

குமிழிக்கெல்லாம் வேலையே இல்லாமல் போய்விட்டது அண்ணா. இன்று காலை ஐந்தரைக்கு, தெரு அமைதியாக இருக்கும்போது ஸ்டார்ட் செய்தேன். டிக் டிக் சத்தம் தெளிவாகக் கேட்டது, மூன்று நிமிஷத்தில் நின்றுவிட்டது. ஹீட் ஷீல்டைக் கழற்றினால் நாலாவது சிலிண்டர் பக்கம் ஹெட்டில் விரல் அகலத்துக்குக் கரி அடித்திருக்கிறது. மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் ஒரு ஸ்டட் (மரைக் கம்பி) நட்டோடு காணவே இல்லை, உடைந்து உள்ளேயே நிற்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஹெட் கேஸ்கட் வேலை நடந்தது, அப்போதிலிருந்தே இருக்கிறதா என்று தெரியவில்லை.

இந்த வேலையை நான் தொடப் போவதில்லை. உடைந்த ஸ்டட்டை எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுக்கிறேன். சென்சரை மட்டும் எப்படித் திரும்ப இணைப்பது என்று சொல்லுங்கள், அப்படியே பழைய சென்சரையே போடலாமா?

கோவை ஒர்க்‌ஷாப்

பழையது 92,000 ஓடியிருக்கிறது, இந்த மாதிரி ஹீட்டர் உள்ள சென்சர்கள் ஒன்றரை லட்சம் தாண்டியும் ஓடும். போட்டுப் பாருங்கள், நஷ்டமில்லை. இணைக்கும்போது சால்டர் வேண்டாம், ஒயர் சேரும் இடத்தில் கிரீஸும் வேண்டாம். நிறைய சென்சர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான வெளிக்காற்றை அந்த ஒயர் இழைகளுக்கு நடுவில்தான் உள்ளே இழுக்கின்றன, அடைத்துவிட்டால் தப்பாகக் காட்டும். சூடு தாங்குகிற கிரிம்ப் கனெக்டர் போட்டு, மேலே ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போடுங்கள். நாலு ஜாயின்ட்டையும் ஒரே இடத்தில் வைக்காமல் முன்னே பின்னே வையுங்கள், ஒயர் மேனிஃபோல்டில் படாமல் கிளிப் போட்டுக் கட்டுங்கள்.

சென்சரைக் கழற்ற 22 சைஸ், ஒயர் நுழைய வெட்டு விட்ட சாக்கெட் கிடைக்கும். இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது கழற்றினால் மரை கெடாது. திரும்பப் போடும்போது மரையில் மட்டும் ஆன்ட்டி-சீஸ் (மரை இறுகிப் பிடிக்காமல் இருக்கத் தடவும் பேஸ்ட்) லேசாகத் தடவுங்கள், நுனியில் ஒரு துளிகூடப் படக் கூடாது. மேனிஃபோல்டு வேலை பார்ப்பவரிடம் புது கேஸ்கட்தான் போட வேண்டும், சிலிக்கான் பேஸ்ட் தடவக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோட் அழித்த பிறகு ஒரு வாரம் சாதாரணமாக ஓட்டுங்கள், ட்ரிம் திரும்பக் கற்றுக்கொள்ள அந்த ஓட்டம் வேண்டும்.

மலைக்கோட்டை (திருச்சி)

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். லேத் பட்டறைக்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்து, உடைந்த ஸ்டட்டின் மேல் நட் வைத்து வெல்டு அடித்துத் திருகி எடுத்தார், மரை தப்பித்தது. புது கேஸ்கட், புது ஸ்டட், கூலி எல்லாம் சேர்த்து 2,600 ரூபாய். பிளக் நாலும் புதிதாகப் போட்டுவிட்டேன்.

சென்சர் பழையதுதான் போட்டிருக்கிறேன். கிரிம்ப் நீங்கள் சொன்னபடி. நேற்று எடுத்த ரீடிங்: லாங் டேர்ம் ஐடிலில் பிளஸ் 5, 2500-இல் பிளஸ் 4, முன்பக்கச் சென்சர் 0.1-க்கும் 0.85-க்கும் நடுவில் நன்றாக ஆடுகிறது, பின்பக்கம் 0.68-இல் நிற்கிறது. லைட் இல்லை, காலைப் பெட்ரோல் வாடையும் இல்லை. முந்தாநாள் மதுரை போய் வந்தேன், டேங்க் நிரப்பிக் கணக்குப் பார்த்ததில் 16.2.

4,800 கொடுத்து வாங்கிய புதுச் சென்சர் இப்போது டிக்கியில் இருக்கிறது. கோவை அண்ணாவுக்கும் ராஜி அக்காவுக்கும் ரொம்ப நன்றி. 30,000 ரூபாய் என் மகள் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம்.

தாம்பரம் ராஜி

ரொம்ப சந்தோஷம். பழைய சென்சரை அவர்களிடமே விட்டுவிடாமல் கேட்டு வாங்கினீர்கள் பாருங்கள், அதனால்தான் இதைச் சோதிக்கவே முடிந்தது. அடுத்த மழைக்கு முன்னால் அந்த கிரிம்ப் ஜாயின்ட்டை ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள்.